கன்னத்துக் கீறல்

புர்காஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
சாவி வெட்டும் கடைக்கு மாடியில் இருக்கிறது என் தராசு.
ஈரக் கோட்டோடு ஏறி வந்தார் ஷெல்யாஸ்கோ.
இருமல் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார்.
ஒரே ஒரு வெள்ளிக்காசு.
வலையில் வந்ததாம்.
எல்லாருக்கும் வலையில்தான் வருகிறது.

ஒரு பக்கம் தலைகீழாய் நங்கூரம்.
மறுபக்கம் பாம்புக் கூந்தல்காரி,
இந்தக் கரையில் கிரேக்கர்கள் அடித்த நாளிலிருந்து
நீட்டிய நாக்கை உள்ளே இழுக்காதவள்.

வார்ப்பென்றால் விரலுக்கே முதலில் தெரியும்:
ராத்திரி முழுக்க தண்ணீரில் கிடந்த சோப்புத் துண்டு மாதிரி.
பிறகு விளிம்பு.
அச்சின் இரு பாதிகள் சந்தித்த கோட்டை
யாரோ அரத்தால் ராவி அழித்திருப்பார்கள்,
ராவிய தடத்தை அழிக்க மறந்திருப்பார்கள்.
பிறகு லென்ஸ். எழுத்துகளின் இடுக்கில்
ஊசிமுனைக் குழிகள்,
உருகிய வெள்ளி கடைசியாய் விட்ட மூச்சு.

இதில் எதுவும் இல்லை.
சுத்தியலுக்குப் பயந்து ஓடிய உலோகம்
ஓரத்தில் வெடித்திருந்தது, வெடிப்பு அடிவரை போயிருந்தது.
தராசின் நா நடுவில் நின்றது.
அவளுடைய நாவும்.

அப்போதுதான் கன்னத்தைப் பார்த்தேன்.
இடக் கண்ணுக்குக் கீழே தொடங்கி
வாய் மூலையில் தயங்கும் ஒரு கீறல்.

எனக்கு இந்தக் கீறலைத் தெரியும்.
இழுப்பறையில் பச்சைத் துணிக்குள் தூங்குகிறது,
பதினாறு வருடமாய் என் அளவுகோல்,
ஒவ்வொரு காசையும் பக்கத்தில் வைத்து
நான் தீர்ப்புச் சொல்லும் என் காசு.

ஒரே அச்சில் ஆயிரம் அடிக்கலாம்,
ஆயிரமும் ஒரே மூக்கோடு பிறக்கலாம்.
பிறந்தபின் பட்ட காயம்
இரண்டு பேருக்கு ஒரே நீளத்தில் இருக்காது.
அச்சு அசல் என்போமே,
அந்த இரண்டு சொல்லும் கைகோத்து வந்தால்
என் தொழிலில் வயிறு கலங்கும்.
இரண்டில் ஒன்று வார்த்தது.

"போலி" என்றேன்.
அவர் சண்டை போடவில்லை.
"கனமாத்தானே இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.
டப்பாவை மூடினார்.

படியில் செருப்புச் சத்தம் தேயும்போது
என்னை நானே மெச்சிக்கொள்ளத்தான்
இழுப்பறையைத் திறந்தேன்.

அவர் காசில் அந்தக் கீறலுக்கு
இரு பக்கமும் கரை இருந்தது,
கலப்பை போன சாலில் மண் புரண்டு கிடப்பதுபோல.
என்னுடையதில் கரையே இல்லை.
மழையில் கரைந்த வண்டித்தடம்.
அதன் அடியில், லென்ஸைச் சாய்த்தால்,
இரண்டு குழிகள்.

பதினாறு வருடம்
லென்ஸ் வழியே எல்லாரையும் பார்த்தேன்,
இவளை வெறும் கண்ணால்.

தோதோர்கா என்றொரு விதவை வந்திருந்தாள்.
என் காசைப்போல் இல்லை என்று சொன்னதால்
தன் நான்கையும் பழைய சலவை இயந்திரத்துக்கு மாற்றிக்கொண்டவள்.
இன்னும் எத்தனை பேர்.
பெயர் கேட்காமலே அனுப்பியவர்கள்.

இறங்கி ஓடினேன்.
"தீயா?" என்றார் சாவிக்கடை சர்கிஸ்.

துறைமுகத்தில் படகு இல்லை.
கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பையன் சொன்னான்:
இப்பத்தான் போனார். எஞ்சின் மூடி
ஆடிக்கிட்டே இருந்தது, அதுக்கு அடியில
ஏதோ செல்லாக்காசைச் செருகினார்,
இப்ப ஆடல.

தூரத்தில் அந்த டீசல் எஞ்சின் கேட்கிறது.
டப் டப் டப்.
ஒவ்வொரு அதிர்விலும் அவள் மறுபடி அடிபடுகிறாள்,
இந்த முறை அச்சில்லாமல்.

என் கைக்குள் மற்றவள்,
வியர்வையில் வழுக்கிக்கொண்டு.
கடலில் எறிந்துவிடலாம்.
எறிந்தால்
யாருக்காவது வலையில் வரும்.